வேஷ்டியில் ஒரு கறுப்பு வட்டம்

"நீரஜா, நன்னா இழுத்துப் பிடி!"

ராஜகோபாலன் தன் வெள்ளை வேஷ்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். மறுமுனை மனைவி நீரஜா கையில். வேஷ்டிக்கு நேர் எதிரே தண்ணி லாரியின் சைலன்சர்.

"இப்போ ஆக்சிலேட்டரை அழுத்துய்யா!"

லாரிக்காரர் பீர் முஹம்மது அழுத்தினார். லாரி 'குர்ர்ர்... குபுக்' என்று ஒரு ஏப்பம் விட்டது. வேஷ்டியின் நடுவே தோசைக்கல் அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டம்.

"எவிடென்ஸ்!" என்று துள்ளினார் ராஜகோபாலன். "இந்த லாரி வந்து நின்னாலே ஃப்ளாட்டே சுடுகாடு மாதிரி புகையறது. புகை சர்டிபிகேட் இல்லாம இனிமே இந்தத் தெருவுக்குள்ள டயர் படக் கூடாது!"

தொண்ணூற்று மூன்றாம் வருஷக் கோடை அது. ஆழ்வார்பேட்டைக் குழாய்களில் வெறும் காற்றுதான் வந்தது. அந்தக் காற்றாவது சுத்தமாக இருக்கட்டும் என்றோ என்னவோ, ராஜகோபாலன் சுத்தக் காற்று சங்கம் ஒன்று ஆரம்பித்திருந்தார். உறுப்பினர்கள் இருவர். இன்னொருவர் நீரஜா. எட்டு வீடுள்ள அந்த ஃப்ளாட்டுக்குச் செயலாளரும் ராஜகோபாலனே.

பீர் முஹம்மதுவுக்கு இருந்தது ஒரே லாரி, ஒரே தெரு. அது போனால் அடுப்பும் புகையாது.

"சார், ஒரு வார்த்தை. கீழ சம்புல ஊத்தறப்போ வண்டி கம்முனுதான் கீது. மேல மொட்டை மாடி டேங்க்கு ஏத்தறப்போதான் எஞ்சினைப் போட்டு முறுக்க வேண்டியதா..."

"நோ எக்ஸ்க்யூஸஸ்!"

மொட்டை மாடியில் பூட்டுப் போட்ட ஒரு டேங்க் உண்டு. 'தீயணைப்பு ரிசர்வ். தொடாதே. இப்படிக்கு, செயலாளர்' என்று சிவப்பு எழுத்து. லாரித் தண்ணீரில் முதல் பாதி அதற்கு. மீதிப் பாதி கீழே தரைக்கடித் தொட்டியான சம்புக்கு. எட்டு வீடும் அதில்தான் கைபம்பு அடித்துக் குடத்தில் தூக்க வேண்டும்.

"தீப்பிடிச்சா என்ன பண்ணுவேள்?" என்பார் ராஜகோபாலன். கேட்டவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பம்படிக்குத் திரும்புவார்கள்.

மறுநாள் தேனாம்பேட்டை புகை பரிசோதனை நிலையத்துக்கு அவரே லாரியில் ஏறி வந்துவிட்டார், மூக்கில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு, வழிப்பறிக்காரர் மாதிரி.

மெக்கானிக் வேம்பு சைலன்சரில் குழாயைச் செருகி, எஞ்சினை முழு மூச்சாக முறுக்கினார். மீட்டர் முள் எண்பதைத் தாண்டியது. அறுபத்தைந்துக்கு மேலே போனால் ஃபெயில்.

"பத்துப் பேருக்கு ஆக்கி, பந்தியில ரெண்டு பேர் குந்தினா மீதி இன்னா ஆவும் பாய்? அதான் இது. டீசல் ஜாஸ்தி, காத்து கம்மி. எரியாத டீசல் கரியா வருது."

"சரி பண்ணுப்பா" என்றார் பீர் முஹம்மது.

"ஃபில்டரைத் தட்டிட்டேன், போதல. டீசல் பம்புல ஒரு ஸ்க்ரூ கீது. அத்த ஒரு சுத்து வுட்டா டீசல் அளவா போவும், பொகை நிக்கும். ஆனா இழுவையும் கொறையும், சொல்லிட்டேன்."

"சார், இழுவை கொறைஞ்சா மேல டேங்க்கு..." என்று பீர் முஹம்மது மறுபடி ஆரம்பித்தார்.

"நோ எக்ஸ்க்யூஸஸ்! வேம்பு, திருப்பு! திருப்பி சீல் வை. இல்லேன்னா இவர் தெருமுனையிலயே பழையபடி திருப்பிண்டுடுவார்!"

வேம்பு ஸ்க்ரூவைத் திருப்பினார். முள் நாற்பதில் நின்றது. ஸ்க்ரூவில் கம்பி கோத்து ஈயத்தில் முத்திரை குத்தினார். ராஜகோபாலன் அதை ஏதோ தாலி முடிச்சு மாதிரி குனிந்து பார்த்துத் திருப்திப்பட்டார்.

வெள்ளிக்கிழமை காலை லாரி வந்தது. சைலன்சர் மேல் குருவி உட்காரலாம், அத்தனை சுத்தம்.

"பார்த்தேளா? வில் பவர்!" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, ராஜகோபாலன் குளிக்க, மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்த தன் மூன்றாம் மாடி வீட்டுக்குப் போனார்.

பீர் முஹம்மது வழக்கம்போல் மொட்டை மாடிக்கு ஹோஸ் பைப்பைப் போட்டார். எஞ்சின் முனகியது. தண்ணீர் இரண்டாம் மாடி வரை ஏறியது, யோசித்தது, இறங்கிவிட்டது.

"இன்னா பண்றது மா, மேல ஏறல" என்றார், குடத்தோடு நின்ற கீழ்வீட்டு ஜலஜாவிடம். "மொத்தமும் சம்புக்கே வுட்டுடறேன்."

"விடுங்கோ பாய். இன்னிக்கு ஒரு நாள் ரெண்டு குடம் கூடக் கிடைக்கட்டும்."

சம்பு நிரம்பி வழிந்தது. வீட்டுக்கு வீடு குடங்கள் ஓடின. ஜலஜா, செயலாளர் குரலில், "தீப்பிடிச்சா என்ன பண்ணுவேள்?" என்றாள். பம்படியே சிரித்தது.

அப்போதுதான் மாடிப்படியில் தடதட சத்தம்.

ராஜகோபாலன்! தலையெல்லாம் சோப்பு நுரை. ஒரு கண் திறக்கவில்லை. அவசரத்தில் கையில் அகப்பட்டதைச் சுற்றியிருந்தார். எவிடென்ஸ் வேஷ்டி. கறுப்பு வட்டம் மிகச் சரியாகப் பின்பக்கம்.

"பாய்! என்னய்யா இது, பாதிக் குளியல்ல குழாய் நின்னுடுத்து!"

ஜலஜா குடத்தைக் கீழே வைத்தாள்.

"குழாயா?" என்றாள் ஜலஜா. "மூணு மாசமா யாராத்துலயும் குழாயே வரலையே மாமா?"

ராஜகோபாலன் திறந்திருந்த ஒரு கண்ணால் ஏழு வீட்டையும் பார்த்தார். மெதுவாக லாரிப் பக்கம் ஒதுங்கி, பீர் முஹம்மதுவின் காதருகே குனிந்தார்.

"பாய்... அந்த ஸ்க்ரூவை... ஒரே ஒரு சுத்து..."

பீர் முஹம்மது பதறிப்போய் மொட்டை மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா சார், எங்க தீப்புடிச்சிடிச்சு?"