அம்மா உக்காந்த இடம்

யார்கிட்டயும் சொல்லிராதடி ஜெனிட்டா. ராத்திரி பத்து மணிக்கு அம்மாவுக்கு ரத்தம் போக ஆரம்பிச்சு, நிக்கவே இல்ல. முதலாளி தூங்கிட்டாருன்னு அப்பா கேக்காமயே, தான் டிரைவரா ஓட்டுற அவரு கார எடுத்துட்டாரு. அம்மாவ ஆஸ்பத்திரில சேத்துட்டு, கார திரும்பக் கொண்டாந்து ஷெட்ல விட்டாரு. "ஆறு மணிக்கு ஐயா ஏர்போர்ட் போறாரு. பின் சீட்ட தொடச்சு வைய்யி பாப்பா, தெரிஞ்சா வேலை போயிரும்"னு சொல்லிட்டு ஆட்டோ புடிச்சு ஓடிட்டாரு.

லெதர் சீட்டு. பாத்திரம் வெளக்குற லிக்விட ஊத்தி, பழைய பல் பிரஷ்ஷால தேச்சேன். ரத்தம் போயிருச்சு. ஆனா அந்த இடம் மட்டும் வெண்ணெய் கலர்ல பளிச்சுனு ஆயிருச்சு. சந்தன கலருன்னு நாங்க நெனச்சதெல்லாம் இத்தன வருச அழுக்குடி. அம்மா சாஞ்சு உக்காந்தது அப்படியே தெரியுது, இடுப்பு, முதுகு எல்லாம். ரத்தமா இருந்தப்பகூட இவ்ளோ தெரியல.

வேற வழியில்லாம சீட்டு முழுக்க தேய்க்க ஆரம்பிச்சேன். மூணு மணிக்கு அப்பா போன் பண்ணாரு.

"கறை போயிருச்சா பாப்பா?"

"போயிருச்சுப்பா. அம்மா எப்படி இருக்கு?"

அப்பா மூக்க உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு.

"காஞ்சதும் டிக்கில இருக்குற கிரீம தடவிரு. இல்லன்னா சீட்டு தோலு வெடிச்சிரும்"னாரு. வச்சுட்டாரு.

இப்ப இடது ஓரம் மட்டும்தான் பாக்கி. அதையும் தேச்சுட்டா எல்லாம் ஒரே கலராயிரும், அம்மா எங்க உக்காந்துச்சுன்னு தெரியாது. மணி நாலே முக்கால். பிரஷ் கையிலதான் இருக்கு.