நூற்றுப்பதினேழாவது தகடு

தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்க, நிக்கல் தகட்டின்மேல் நுண்ணிய பூச்சு ஒன்றைப் போடத்தான் ஆராய்ச்சி மாணவி மூன்று வருடமாக மல்லுக்கட்டுகிறாள். நூற்றுப்பதினாறு பூச்சும் காலை வாரிவிட்டன. நாளையோடு ஆய்வுக் காலம் முடிகிறது. விடிந்ததிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அவசர அவசரமாகத் தகட்டைக் கரைசலில் இறக்கி மின்சாரம் கொடுத்ததும் குமிழிகள் குபுகுபுவென்று கிளம்பின.

"சார், ஓடி வாங்க!"

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "அடேங்கப்பா! பூச்சுன்னா இதுதாம்மா பூச்சு! கட்டுரையை இன்னைக்கே அனுப்பிடலாம். பூச்சு போடாத வெறும் தகட்டையும் ஓட்டிக் காட்டிடு, ஒப்பிட வேணும்ல."

அவள் பறந்தாள். மேசை இழுப்பறையில் வெறும் தகட்டைக் காணோம். உலர்த்தும் அடுப்பைத் திறந்தாள். பூச்சு போட்ட நூற்றுப்பதினேழாவது தகடு, காலையில் வைத்தபடியே உள்ளே கிடந்தது.

திரும்பி வந்தவளிடம், "வெறும் தகடு கிடைச்சுதா?" என்றார் பேராசிரியர், குமிழிகளைவிட்டுக் கண்ணெடுக்காமல்.

"கிடைச்சுது சார். அதைத்தான் பாத்துட்டிருக்கீங்க."