ஒப்படைக்கு ஒரு நோயாளி

ஒட்டுசுட்டான் வைத்தியசாலையில் தாதியாக இருந்த கௌசலா இணையவழியில் சுகாதாரத் தகவலியல் முதுமாணி படித்துக்கொண்டிருந்தாள். நோயாளிகளுக்குக் கிளினிக் நாளை நினைவூட்டும் மென்பொருள் ஒன்றைச் செய்வதுதான் அவளுடைய ஒப்படை. அதைச் சோதித்துப் பார்க்கத் திலகேஸ்வரி என்று ஒரு நோயாளியைக் கற்பனையில் உருவாக்கினாள். இரண்டு சிறுநீரகமும் பழுது என்று பதிந்து, ஒப்படையை அனுப்பிவிட்டாள்.

திங்கட்கிழமைக் கிளினிக்குக்கு ஒரு பெண் வந்தார். முகமும் கால்களும் வீங்கியிருந்தன.

"பிள்ளை, வரச்சொல்லி மெசேஜ் வந்தது. என்ர பேர் திலகேஸ்வரி."

கௌசலா போனை வாங்கிப் பார்த்தாள். மென்பொருளுக்காக அவள் எழுதிய வசனம்தான். அதை அவள் யாருடைய இலக்கத்துக்கும் அனுப்பியதில்லை.

அவரை இருத்திவிட்டு, மடிகணினியைத் திறந்து, ஒப்படையில் திலகேஸ்வரிக்குப் பதிந்த நோயை மாற்றப் பார்த்தாள். முடியவில்லை. விரிவுரையாளருக்கு எழுதினாள். அனுப்பிய ஒப்படையை இனித் திருத்த இயலாது என்று பதில் வந்தது.

"எனக்கு என்ன வருத்தம், பிள்ளை? ஏன் இப்பிடி வீங்குது?"

கௌசலா மடிகணினியை மூடினாள்.

"டொக்டர் சொல்லுவார் அம்மா. வீட்டில ஆர் இருக்கினம்?"

திலகேஸ்வரி யோசித்தார். முகத்தில் மெல்லப் பயம் வந்தது.

"தெரியேல்லையே, பிள்ளை."

பெயரையும் நோயையும் தவிர கௌசலா அவருக்கு வேறெதையும் எழுதியிருக்கவில்லை. பக்கத்தில் இருந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். கை சூடாகத்தான் இருந்தது.