மெம்பர் கடிதம்

1951. இலங்கை மலைநாட்டு ஹட்டனில், 1948 சட்டத்தால் குடியுரிமை இழந்த தோட்டத் தமிழர் அதைத் திரும்பக் கேட்கும் விசாரணைக்கு நீண்ட வரிசை. அதில் ஜவுளிக்கடை நாகரத்தினமும் நின்றார்.

"எல்லார் கையிலயும் பார்லிமெண்டு மெம்பர் குடுத்த கடிதம் இருக்கு. நமக்கு யாருங்க தருவா?" என்றாள் மனைவி பூரணி.

"அதான் எனக்கும் புரியல."

அவர் முறை வந்தது. கொழும்பிலிருந்து வந்திருந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"அப்பா பிறந்த இடம்?"

"வட்டகொடைத் தோட்டங்க."

"பிறப்புப் பதிவு?"

"கூலிக்காரங்க லயத்து வீட்டுல பொறந்தவரை அப்ப யாருங்க பதிஞ்சா?"

"மெம்பர் கடிதமாவது உண்டா?"

"இல்லைங்க."

"ஏன், அவருக்கு உங்களைத் தெரியாதா?"

"நல்லாத் தெரியுங்க. அவரு எழுதிக் குடுத்தா செல்லுங்களா?"

"செல்லும். போய் வாங்கி வாருங்கள்."

நாகரத்தினம் நகரவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"ஒரு தாள் குடுங்க. அந்த மெம்பர் நான்தான்."