கோடும் வெள்ளைப் பட்டையும்

கணினியில் கணிதப் புத்தகம் ஒன்றை அச்சுக்கோத்துக்கொண்டிருந்த கட்டளை, ஒரே கோட்டை வளைத்து மூவிலை முடிச்சு ஒன்று வரைந்தது. கோடு தன்னைத்தானே மூன்று இடத்தில் கடந்தது. அப்படிக் கடக்கையில் தனக்கே கீழே நுழைகிற இடத்திலெல்லாம் ஒரு வெள்ளைப் பட்டை அதன்மேல் படுத்துக்கொண்டது. பார்த்தால் கோடு அங்கே அறுந்த மாதிரி இருந்தது.

கோட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏய் பட்டை, என்கிட்ட மூணு துண்டு அடிச்சிருக்கே. மரியாதையா எடுத்து வை."

"நான் எதையும் எடுக்கலண்ணே. சும்மா மேல படுத்திருக்கேன்."

"சும்மா படுக்கிறவன் ஏன் நான் கீழ நுழையற இடமாப் பாத்துப் படுக்கணும்? சரி, ஒண்ணை நீயே வச்சுக்கோ. ரெண்டைக் குடு."

"இருந்தாத்தானே குடுக்க!"

கோடு கட்டளையைப் பார்த்துக் கத்தியது. "இந்தத் திருட்டுப் பயலை முதல்ல தூக்கு!"

கட்டளை பட்டையை நீக்கிவிட்டு மறுபடி வரைந்தது. கோடு தன்னை முழுக்கத் தடவிப் பார்த்தது. ஒரு துண்டும் குறையவில்லை. ஆனால் எது மேலே போகிறது, எது கீழே போகிறது என்பதுதான் இப்போது தெரியவில்லை.

பக்கத்துப் படத்து வட்டம் எட்டிப் பார்த்துச் சிரித்தது. "முடிச்சு இருந்த இடத்துல யாருய்யா கிறுக்கி வச்சது?"

"முடிச்சு இல்லேன்னா இந்தப் படம் புத்தகத்துக்கு வேண்டாம். அழிச்சிடறேன்" என்றது கட்டளை.

கோடு அவசரமாகப் பட்டையைக் கூப்பிட்டது.

"வா, வந்து படு. அதுக்கு முன்னாடி ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டு."