அட்டையும் பலகையும்

கொத்தமல்லி வாங்க வந்த எனக்குத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். எங்கள் தெரு ரோசலின் இளநீர் வண்டிக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறாள். பாதி உடம்பு வெளியே தெரிகிறது. மகள் ஜெசிந்தாவுக்கு இருபத்திரண்டு வயது, வாசிக்க வராது. பூக்கட்டும் வேலைக்கு இன்றுதான் தனியாகப் போகிறாள். அம்மா கூட வரக்கூடாதென்று சிறப்புப் பள்ளி டீச்சரின் உத்தரவு. ஜெசிந்தாவின் கையில் 'நிலக்கோட்டை' என்று எழுதிய அட்டை. அதில் விரல் வைத்து, வந்து நிற்கும் பஸ்ஸின் பலகையோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுகிறாள். "ஏறு தாயி, நேரமாச்சு" என்று கண்டக்டர் விசிலை வாய்க்குக் கொண்டுபோகிறார். ரோசலினின் கால் ஓரடி முன்னே வந்து, பின்னே போகிறது. "செத்த இருங்கண்ணே, இன்னும் ரெண்டு எழுத்து இருக்கு" என்கிறாள் ஜெசிந்தா. விசில் உதட்டருகே நிற்கிறது. முடித்துவிட்டுத்தான் ஜெசிந்தா ஏறுகிறாள். திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் நகர்ந்ததும், பத்தாவது படித்த ரோசலின் வெளியே வந்து, பின்பக்கப் பலகையை எழுத்தெழுத்தாக வாசிக்கிறாள்.