கல்லு எவ்வளவு ஒசரம்?

“பென்ஸ் காரு லயத்துக்கா?”

போனில் அந்த ஆள் கேட்ட விதமே ஜீவராணிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை.

“ஆமாங்க, லயத்துக்குத்தான். லிந்துலைக்கு மேல தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டுல இருக்கோம். மகளுக்கு அடுத்த மாசம் கல்யாணம். அவ எங்க லய வாசல்லயே காருல ஏறணும். வாடகைக்குக் கேட்டா ஒருத்தரும் மேல வர மாட்டேங்கிறாங்க. பொண்ணு மெயின் ரோட்டுக்கு நடந்து வரட்டுமாம். அதான், சொந்தமாவே வாங்கிடலாம்னு.”

அந்த ஆள் இருந்தது மலைக்குக் கீழே, கடலோர நீர்கொழும்பில். பழைய வெள்ளை பென்ஸ் விற்பனைக்கு என்று இணையத்தில் படம் போட்டிருந்தவர் பெயர் கந்தப்பன். அதற்கு மேல் அவரைப் பற்றி இவளுக்கு எதுவும் தெரியாது.

“காரை எங்க நிறுத்துவீங்க? பெரட்டுக்களத்துல எடம் இருக்கா?”

“இருக்கு. காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற நேரம் தவிர அந்தக் களம் சும்மாதான் கெடக்கும்.”

அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் எடுத்துக் கொடுத்தது. “பாதையில கல்லு எவ்வளவு ஒசரம்னு கேளுங்க!”

“பாதையில கல்லு எவ்வளவு ஒசரம்? அளந்து அனுப்புங்க. அப்புறம் பேசுவோம்.”

வைத்துவிட்டார்.

“பாத்தீங்களா திமிரை?” ஜீவராணி கணவனிடம் பொரிந்தாள். “லயத்து ஆளுக்கு விக்க மாட்டேன்னு நேராச் சொல்ல வேண்டியதுதானே! இதுல பின்னாடி நின்னு ஒருத்தி எடுத்துக் குடுக்கிறா.”

சிவசாமி பெருமூச்சு விட்டான். இந்தக் காருக்காக, மெயின் ரோட்டோடு நிறுத்தி ஓட்டிக்கொண்டிருந்த தன் வேனையே விற்றவன் அவன். “விடு ராணி. நம்ம கிருஷாந்தியும் நடந்தே எறங்கட்டும். நாம நடக்கலையா?”

“நாம நடந்தோம். அது போதும்.”

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. சுற்றியுள்ள தோட்டங்களில் மணப்பெண் அலங்காரம் அவள்தான். மடிப்பு மடிப்பாக அவள் கட்டிவிடுகிற கூறைச்சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, எத்தனை பெண்கள் மெயின் ரோட்டு வரை ஒன்றரை மைல் இறங்கிப் போயிருக்கிறார்கள்! கார் நிற்கிற இடத்துக்குப் போகிறபோது சேலையின் கரை எது, சேறு எது என்று தெரியாது.

மறுநாள் காலை, ரவிக்கைக்கு அளவெடுக்கிற நாடாவோடு பாதையில் குந்திவிட்டாள். பாதை நடுவில் தோண்டினாலும் வராத பாறை ஒன்று துருத்திக்கொண்டு நிற்கிறது. பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போன பெண்கள் சும்மா போவார்களா?

“என்னா ராணி, ரோட்டுக்கு ஜாக்கெட்டு தைக்கப் போறியா?”

“ஆமா. தச்சிட்டுச் சொல்றேன், போங்க.”

ஏழு இன்ச். படத்தோடு அனுப்பினாள். மாலையில் ஒரே வரியில் பதில் வந்தது. ‘பத்து நாள் கழித்து வாங்க.’

“வேற ஆளு கெடைப்பானான்னு பாக்கிறான்” என்றாள் ஜீவராணி. “இருக்கட்டும். பத்தாவது நாள் நான் அவன் வாசல்ல நிப்பேன். காரு தராட்டி அந்தப் பொம்பளையை நாலு கேள்வி கேட்டுட்டாவது வருவேன்.”

சொன்னபடியே பத்தாவது நாள் இருவரும் முதல் பஸ் பிடித்தார்கள். ஹட்டன் தாண்டும்போது சிவசாமி மெதுவாகக் கேட்டான்.

“ராணி, நீர்கொழும்புக்காரனுக்குப் பெரட்டுக்களம்னு ஒன்னு இருக்கிறது எப்படித் தெரியும்?”

“நக்கலடிக்கணும்னா எல்லாத்தையும் தெரிஞ்சு வச்சிருப்பான். பேசாம வாங்க.”

வழி நெடுக அந்த நாலு கேள்வியையும் மனசுக்குள் தீட்டிக்கொண்டே வந்தாள்.

கந்தப்பன் வீட்டு முற்றத்தில் பென்ஸ் நின்றது. படத்தில் பார்த்த கார்தான். ஆனால் எதுவோ மாறியிருந்தது. சிவசாமி குனிந்து அடியில் பார்த்தான்.

“ராணி, ஸ்பிரிங்கெல்லாம் புதுசு. அடியில தகடு வேற அடிச்சிருக்காங்க. காரு நல்லா ஒசந்து நிக்குது!”

கையில் கிரீஸோடு கந்தப்பன் வந்தார். “இப்ப அடிக்கும் தரைக்கும் எட்டரை இன்ச் இருக்குங்க. உங்க பாறை ஏழு. தட்டாது. இந்த வேலைக்குத்தான் பத்து நாள் கேட்டேன்.”

தீட்டி வைத்திருந்த நாலு கேள்வியையும் விட்டுவிட்டு ஜீவராணி வேறொன்று கேட்டாள். “இதை... அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?”

“தூக்க முடியுமான்னு அன்னிக்கு எனக்கே தெரியாதே. ஆசை காட்டிட்டு முடியலைன்னா பாவமில்லையா?”

“இவரு எட்டு போதும்னாரு. எட்டரையாவது வேணும்னு நான்தான் பிடிவாதமா நின்னேன்.”

அதே குரல். தேநீர்க் கோப்பைகளோடு வந்த பேச்சியம்மா, கந்தப்பனின் மனைவி.

“பாதையைப் பாக்காமலே எப்படிக்கா சொன்னீங்க?”

பேச்சியம்மா கோப்பையை நீட்டிவிட்டு, வலது காலைச் செருப்பிலிருந்து வெளியே எடுத்துக் காட்டினாள். பெருவிரலில் நகமே இல்லை.

“நானும் உடப்புசல்லாவைத் தோட்டத்துக்காரிதான், தங்கச்சி. கூறைச்சேலையோட மெயின் ரோட்டுக்கு எறங்கினப்போ கல்லுல இடிச்சுக்கிட்டது. இருபத்தேழு வருசமாச்சு, இன்னும் மொளைக்கல.”